தூக்குகிற அளவுக்குச் சோறு

முதல் நாள் எனக்கு வெறும் கம்பியைத்தான் கொடுத்தான். இரண்டு முனையிலும் பிளேட் எதுவும் மாட்டாத மொட்டைக் கம்பி. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே கொட்டகையில், அதே கம்பியில், பெரிய பிளேட்டுகளை மாட்டித் தலைக்கு மேல் நிறுத்திக் காட்டியவன் நான். வந்த கோபத்துக்கு அதை அவன் காலிலேயே போட்டிருப்பேன். ஆனால் நான்காவது தடவைக்கே மூச்சு முட்டியது. கோபத்தை விழுங்கிக்கொண்டு கம்பியைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.

கொடுத்தவன் என் சினேகிதன்தான். தென்காசிக் கடைத்தெருவில் தையல்காரன், விடிகாலையில் கொட்டகையைத் திறந்து வைப்பவன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஏழெட்டு இளவட்டங்கள் சேர்ந்து போட்ட தேகப்பயிற்சிக் கொட்டகை அது. குத்துக்கல்வலசைக்குப் போகிற வழியில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால், மேலே ஓலை, கீழே ஆற்றுமணல். மற்றவர்கள் கல்யாணம், கடை, கொழும்பு என்று கலைந்துபோனார்கள். அவன் மட்டும் அந்த இரும்பைத் துருப்பிடிக்க விடாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

நான் விட்டதற்குக் காரணம் வேறு. ஒரு நாள் வீம்புக்கு, பக்கத்தில் நின்றவன் தூக்கியதைவிட ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டுத் தூக்கினேன். இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் பாயும் படுக்கையுமாகக் கிடந்தேன். எழுந்த பிறகு அந்தத் திசைக்கே கும்பிடு போட்டுவிட்டேன். மில்லுக்குப் போக வேண்டியிருந்தாலும் சுற்றிக்கொண்டு போவேன்.

அறுபதுகளில் நான் அங்கே திரும்பிப் போனது மார்பை விரித்துக்கொண்டு ரதவீதியில் நடப்பதற்கு அல்ல. என் மனைவியைத் தூக்குவதற்கு.

அவள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். குடத்தோடு விழுந்ததில் முதுகெலும்பில் அடி. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்தார். இடுப்புக்குக் கீழே நரம்பு மரத்துப் போயிருக்கிறது, திரும்பினாலும் திரும்பும், காலம் ஆகும் என்றார். அவள் கால்கள் பழையபடி ஆகவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது கால்களைப் பற்றி அல்ல.

எங்கள் முஸ்லிம் ஜனங்களில் வேற்று ஆண் யாரும் வந்து ஒரு பெண்ணைத் தொட்டுத் தூக்க முடியாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளை இல்லை. அடுத்த வீட்டில் அவளுடைய அக்கா, கணவனை இழந்தவர். அவர்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார், துணி மாற்றிவிடுவார். ஆனால் தூக்க அவருக்குத் தெம்பு கிடையாது. ஆகவே காலையிலும் மாலையிலும் கட்டிலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து கட்டிலுக்கு என்று அவளைத் தூக்கிப் போவது என் பாடு. முதல் வாரம் நான் பட்ட அவஸ்தையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. கட்டிலிலிருந்து எடுத்து நாலடி வைப்பதற்குள் சுவரில் சாய்ந்து நிற்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள் வாசல் நிலையில் அவள் முழங்கால் இடித்தது. அவளுக்கு அந்த இடத்தில் உணர்வு இல்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

அதற்கு மறுநாள்தான் கொட்டகைக்குப் போனேன்.

முதல் மாதம் என்னைப் போல் ஒரு கேலிப்பொருளை அந்தக் கொட்டகை பார்த்திருக்காது. பக்கத்தில் பயிற்சி செய்த பையன்களுக்கெல்லாம் நான் 'அண்ணாச்சி' ஆகிவிட்டிருந்தேன். தொந்தி விழுந்த ஒரு அண்ணாச்சி மொட்டைக் கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்காத மாதிரி அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மரியாதைதான் எரிச்சலாக இருந்தது. உடம்புக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பிப் போனவன் நான். ஞாபகம் இருந்தது எனக்குத்தான், உடம்புக்கு இல்லை. எப்படிக் கால் வைக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்று எல்லாம் தெரியும். தெரிந்ததைச் செய்யச் சொன்னால் தொடை கெஞ்சும். கனம் தோளுக்கு வருவதற்குள், பழைய இடுப்பு மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்று பயம் வந்து கையை அவிழ்த்துவிடும்.

நான் கொஞ்சம் தேறியதும் சினேகிதன் சின்ன பிளேட் ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் மாட்டுவான். அடுத்த வாரம் அதற்கு அடுத்தது. ஒரு கட்டத்தில் அது நின்றுவிட்டது. நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அதற்கு மேல் ஒரு பிளேட் ஏறவில்லை.

ஆனால் வீட்டில் நிலைமை வேறு. நாளுக்கு நாள் அவளைத் தூக்குவது எளிதாகிக்கொண்டு வந்தது. சுவரில் சாயாமல் கொல்லை வரை போனேன். அப்புறம் பேசிக்கொண்டே போனேன். ஒரு காலையில் சுபுஹு பாங்கு கேட்டதும் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்ய அவளை எடுத்துக்கொண்டு போனபோது, கையில் ஆள் இருப்பதே தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகையில் பட்ட அவமானமெல்லாம் அன்றைக்குக் கழுவிக்கொண்டு போயிற்று. நானும் ஒரு ஆம்பிளைதான் என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் எனக்கு எடை போடுகிற வேலை. அப்போதுதான் ராத்தலும் மணங்கும் போய்க் கிலோ வந்து, விவசாயிகள் எல்லோரும் எங்களைத் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்த காலம். கத்திரிக்காய் மூட்டையை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்தே இவ்வளவு இருக்கும் என்பேன். தராசு பெரும்பாலும் என் பக்கம்தான் பேசும். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் நான்.

ஒரு நாள் கொட்டகையில் வழக்கம்போல் அந்தப் பிளேட்டோடு தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பூப்போலத் தூக்குகிறேன், இங்கே மட்டும் ஏன் இந்த இரும்பு என்னோடு சண்டை போடுகிறது என்று சினேகிதனிடம் குறைப்பட்டேன். அவன் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்.

"இரும்பு அன்னைக்கும் அதே கனம்தான், இன்னைக்கும் அதே கனம்தான் லே. வீட்ல என்னன்னு பாரு."

அவன் உள்ளர்த்தம் எதுவும் வைத்துச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் உடனே எழுந்து சட்டையை மாட்டினேன். பாவூர்சத்திரம் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுக்களையில் அவளுடைய அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தங்கச்சி எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்தியம் இருக்கிறவள் எப்படிச் சாப்பிடுவாள், காலையில் கொஞ்சம் கஞ்சி, மத்தியானம் ரெண்டு கை சோறு, அவ்வளவுதானே என்றார். பத்தியமா என்றேன். வைத்தியர் சொன்னாரென்று நீங்கள்தானே அவளிடம் சொன்னீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் மாதத்துக்கு ஒருமுறை தைலம் கொண்டுவருவார். பத்தியம் என்று அவர் சொன்னது கருவாடும் கத்திரிக்காயும் ஆகாது என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இவள் ஒரு கோட்டை கட்டியிருக்கிறாள். அக்காவிடம், வைத்தியர் பத்தியத்தை இறுக்கச் சொன்னதாக நான் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம், அக்கா வயிறு முட்டப் போட்டுவிட்டாள் என்பாள். பத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். நோயாளி எலும்பும் தோலுமானாலும் மருந்து வேலை செய்கிறது என்றுதான் பேசிக்கொள்வார்கள். தண்ணீரும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு குடிப்பதில்லையாம். குடித்தால் கொல்லைக்குப் போக வேண்டும், போக வேண்டுமென்றால் நான் தூக்க வேண்டும்.

நான் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். போர்வைக்கு மேலே இருந்த அவள் கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. தினமும் இரண்டு வேளை அவளைத் தூக்கினவன், ஊரான் மூட்டைக்கெல்லாம் கணக்குச் சொன்னவன், அதைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அவள் மேலேயே பாய்ந்தேன். சாகிறதுக்கு வழி பார்க்கிறாயா என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க என்னத் தூக்கும்போது பல்லக் கடிக்கிய. மூச்ச அடக்குதிய. எனக்குக் கேக்காதா? உங்க இடுப்பும் போயிட்டுன்னா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குவா?"

கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கெஞ்சினேன். என் இடுப்பு நன்றாக இருக்கிறது என்று குனிந்து நிமிர்ந்து காட்டினேன். கட்டிலின் ஒரு பக்கத்தை அவளோடு சேர்த்துத் தூக்கிக்கூடக் காட்டினேன், கோமாளி மாதிரி. கடைசியில் அவள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். கொட்டகையில் எத்தனை பிளேட் தூக்குகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் அவளிடம் சொல்ல வேண்டும்.

"நீங்க எம்புட்டுத் தூக்குதியளோ அம்புட்டுதான் நான் திம்பேன். கூடத் தூக்குனா கூடத் திங்கேன்" என்றாள்.

இப்படி ஒரு பந்தயத்தை யாரும் யாரோடும் வைத்திருக்க மாட்டார்கள். மறுநாள் வெறியோடு கொட்டகைக்குப் போனேன். அந்தப் பிளேட்டைப் போடச் சொன்னேன். கம்பி முழங்கால் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று முயன்று உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். இடுப்பில் அந்தப் பழைய இடம் லேசாக முணுமுணுக்க ஆரம்பித்தது. சினேகிதன் பிளேட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, போதும் வீட்டுக்குப் போ என்றான். வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. நாற்பதை நெருங்குகிற ஆள் ரோட்டில் அழ முடியாது, ஆகவே காறித் துப்பிக்கொண்டே போனேன்.

வீட்டில் அவள் கேட்டாள். ஏறிவிட்டது என்று சொன்னேன்.

அன்று மத்தியானம் அவள் மூன்றாவது கை சோறு வாங்கிக்கொண்டதாக அக்கா சொன்னார். அடுத்த வாரமும் கேட்டாள், அடுத்த வாரமும் ஏறிவிட்டது என்றேன். இல்லாத பிளேட்டுகளை வாரத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டே போனேன். அவள் ஒவ்வொரு பிடியாகக் கூட்டிக்கொண்டே போனாள். இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது. தண்ணீர் குடித்தாள். ஒருநாள் மாலை, முட்டை ஒன்று அவித்துத் தரச் சொல்லி அக்காவிடம் தானாகவே கேட்டாளாம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். ஆனால் காலையில் அவளைத் தூக்கக் குனியும்போது அதே கன்னத்தைப் பார்த்துப் பயந்தேன். ஒவ்வொரு வாரமும் கை அதிகமாக இழுத்தது. பல்லைக் கடிக்கக் கூடாது, மூச்சு கேட்கக் கூடாது என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு போவேன். கொல்லை வாசலில் ஒரு படி உண்டு, அதில் காலை வைக்கும்போது கண் இருட்டும். அவள் சாப்பிடுவதைக் கதவுப் பக்கம் நின்று பார்க்கும்போது, இன்னும் ஒரு பிடியா என்று மனசுக்குள் ஒரு ஈனக் குரல் கேட்கும். அப்படி ஒரு நினைப்பு வந்த அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

ஆனி மாதம் சாரல் பிடித்தது. தைல வைத்தியர் வந்தவர், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது, கூட்டம் சேர்வதற்குள் ஒரு நாள் சிற்றருவிக்குக் கொண்டுபோய் இடுப்பில் தண்ணீர் படும்படி உட்கார வையுங்கள் என்றார். அவளுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. விழுந்த பிறகு அவள் தெருவையே பார்க்கவில்லை. நான் மனசுக்குள் தூரத்தை எண்ணினேன். வீட்டுக்குள் கட்டிலிலிருந்து கொல்லைக்கு எத்தனை அடி? குற்றாலத்தில் வண்டி நிற்கிற இடத்திலிருந்து அருவி வரை ஏற்றம், படிக்கட்டு, எல்லாம் பாசி. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பிளேட்டுக் கதையெல்லாம் வெளியே வந்துவிடும், அவள் மறுபடி ரெண்டு கை சோற்றுக்குப் போய்விடுவாள். போகலாம் என்றேன்.

ஒரு புதன்கிழமை விடியும் முன்னாலேயே ஒற்றைமாட்டு வண்டியில் புறப்பட்டோம். அவளுடைய அக்காவும் கூட வந்தார். தேங்காய்ச் சோறும் அவித்த முட்டையும் ஒரு தூக்குச்சட்டியில் வைத்திருந்தார். அவள் வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மலை மேலே மேகம் இறங்கியிருந்தது. தென்காசி தாண்டியதும் சாரல் வண்டிக்குள்ளேயே அடித்தது. அவள் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டாள்.

இறங்கிய இடத்தில் அவளைத் தூக்கினேன். கொட்டகையில் செய்வதுபோலவே காலை அகட்டி, முதுகை நேராக வைத்து, மூச்சை இழுத்து எழுந்தேன். முதல் ஏற்றம் போய்விட்டது. அக்கா பின்னாலேயே வந்தார். கடைகளில் அப்போதுதான் தட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள், எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் ஓடிவந்து, நானும் ஒரு கை பிடிக்கட்டுமா அண்ணாச்சி என்றார். அவள் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடினாள். வேண்டாம் என்று நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், நல்ல மனுஷன்.

படிக்கட்டில் பாதி ஏறியிருப்பேன். அருவிச் சத்தம் காதுக்கு வந்துவிட்டது. தொடை நடுங்கத் தொடங்கியது எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் கழுத்தைச் சுற்றியிருந்த கை இறுகியது. கொட்டகையில் என்றால் முடியாதபோது கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் குதித்துவிடலாம். இங்கே எதை விடுவது? இன்னும் ஒரு படி என்று காலை எடுத்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. அவளை மேலே பிடித்துக்கொண்டு அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்து, ஈரக் கல்லில் இரண்டு படி சறுக்கி, சுவரில் முதுகு மோதி நின்றேன். அவள் என் மடியில் கிடந்தாள்.

அக்கா கூப்பாடு போட்டார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அவளுக்கு எங்கே அடி என்று தலையை, காலை, கையைத் தடவினேன். முழங்காலையும் பார்த்தேன், ரத்தம் இல்லை. அதற்குள் அவள் கை துப்பட்டிக்குள்ளிருந்து வெளியே வந்து என் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அந்தப் பழைய இடத்தில் அழுத்திப் பார்த்தாள்.

"இங்கன வலிக்குதா?"

இல்லை என்றேன். நிஜமாகவே வலிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், இடுப்பு கேட்டது, தொடைதான் கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். போகிறவர்களும் வருகிறவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெட்கம், பயம் எல்லாம் ஒரேயடியாக வடிந்துபோன மாதிரி இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான் ஒங்கிட்டச் சொன்னதெல்லாம் பொய். அந்தக் கம்பியில அதுக்குப் பொறவு ஒரு பிளேட்டுகூட ஏறல."

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். துப்பட்டி நழுவி முகம் தெரிந்தது. மேலேயிருந்து வந்த சாரலில் அது முழுக்க நனைந்திருந்தது. தெரிந்துகொண்டுமா சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

அவள் அக்காவின் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிச்சுது. அதான் நம்புனேன்."